கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினால் எது கூடும், எது குறையும்?

பிரிட்டனில் நோயாளியான பெற்றோரையோ மாற்றுத்திறனாளியான பிள்ளையையோ பார்த்துக்கொள்பவர்களிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார்: "கேரர்ஸ் அலவன்ஸுக்கு எழுதிப் போடு, வாரம் எண்பது பவுண்டுக்கு மேல் வரும்." ஒருவரைப் பராமரிப்பவருக்கு அரசு தரும் உதவித்தொகை அது. சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பணம் வர ஆரம்பித்ததும் குடும்பத்தின் மொத்த வருமானம் அதே அளவுக்கு உயருமா என்றால், பல வீடுகளில் உயராது. சிலருக்கு ஒரு பென்ஸ்கூடக் கூடாது. சிலருக்குக் குறையவே குறையும். அதேசமயம், "உங்களுக்குப் பணம் தர முடியாது" என்று கடிதம் வந்தவருக்கு, அந்தக் கடிதத்தாலேயே வாரம் நாற்பது பவுண்டுக்கு மேல் கிடைப்பதும் உண்டு.

இந்த உதவித்தொகைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. மூன்று ரகம் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் ரகம், உடல்நிலையை மட்டும் பார்த்துக் கொடுப்பது: பிப் (வேலை பார்க்கும் வயதில் உள்ளவர்களுக்கு), அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு), பிள்ளைகளுக்கான டிஎல்ஏ. வங்கியில் லட்சம் பவுண்டு இருந்தாலும் இவை கிடைக்கும், வேறு எதையும் இவை குறைக்காது. இரண்டாவது, சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுப்பது: அரசு ஓய்வூதியமும் கேரர்ஸ் அலவன்ஸும் இந்த ரகம். மூன்றாவது, வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்து, குறைவதை நிரப்பிக் கொடுப்பது: யுனிவர்சல் கிரெடிட் (வேலை பார்க்கும் வயதினருக்கு), பென்ஷன் கிரெடிட் (ஓய்வூதிய வயதினருக்கு), ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்கு) போன்றவை. இந்த மூன்றாவது ரகத்தின் கண்ணுக்கு இரண்டாவது ரகம் முழுக்க முழுக்க வருமானம். நம் சிக்கல் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

கீழே நான் தரும் தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் இவை மாறும். கணக்குப் போடும் விதம் அப்படியே இருக்கும்.

அலவன்ஸ் யாருக்கு?

வாரம் 35 மணி நேரமாவது ஒருவரைப் பராமரிக்க வேண்டும். பராமரிக்கப்படுபவருக்கு பிப்பின் 'டெய்லி லிவிங்' (அன்றாட வாழ்க்கைக்கான) பகுதியோ, அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ, டிஎல்ஏவின் நடு அல்லது உயர்ந்த பராமரிப்புத் தொகையோ வந்துகொண்டிருக்க வேண்டும். பராமரிப்பவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், முழுநேரப் படிப்பில் இருக்கக் கூடாது, வேலை பார்த்தால் வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் போக வாரச் சம்பளம் 196 பவுண்டைத் தாண்டக் கூடாது. தொகை வாரம் 83.30 பவுண்டு. இரண்டு பேரைப் பராமரித்தாலும் அவ்வளவுதான். ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து பராமரித்தால் ஒருவருக்கு மட்டும்தான். 35 மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2 பவுண்டு 38 பென்ஸ் வருகிறது. இதைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்காட்லாந்தில் இதற்குப் பதிலாக கேரர் சப்போர்ட் பேமெண்ட் என்ற ஒன்று வந்துவிட்டது. வாரத் தொகை அதேதான், ஆனால் அதற்கு மேல் கூடுதல் தொகை ஒன்றும் தருகிறார்கள். மற்ற உதவிகளோடு மோதும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

யுனிவர்சல் கிரெடிட்டோடு சேரும்போது

30 வயதுப் பெண் ஒருவர், கல்யாணம் ஆகாதவர், வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக் கணக்கை இப்போதைக்கு விட்டுவிடலாம். யுனிவர்சல் கிரெடிட்டில் அவருக்கு அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு. பராமரிப்பாளர் என்பதால் 'கேரர் எலிமெண்ட்' என்று 201.68 பவுண்டு கூடும். மொத்தம் 601.82.

இப்போது அவர் கேரர்ஸ் அலவன்ஸுக்கும் விண்ணப்பிக்கிறார். வாரம் 83.30 என்பது மாதக் கணக்கில் 360.97. யுனிவர்சல் கிரெடிட்காரர்கள் இதை வருமானமாக எடுத்துக்கொண்டு, பவுண்டுக்குப் பவுண்டு கழிப்பார்கள். 601.82இல் 360.97 போனால் மிச்சம் 240.85. அலவன்ஸையும் அதையும் கூட்டினால் மறுபடி அதே 601.82. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. அந்த 201.68 பவுண்டு கேரர் எலிமெண்ட் கிடைக்க, கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 35 மணி நேரம் பராமரிக்கிறேன் என்று யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் தெரிவித்தாலே போதும். அலவன்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு எலிமெண்ட்டைக் கேட்காமல் விட்டால் நிலைமை தலைகீழ்: 360.97 கழிபடும், 201.68 கூடாது. பராமரித்தும் கையில் 400.14தான். உங்கள் மாத விவரச் சீட்டில் கேரர் என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

அப்படியானால் அலவன்ஸ் வேண்டாமா? வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட்டே கிடையாது. அலவன்ஸுக்குச் சேமிப்பு ஒரு பொருட்டே இல்லை. கணவர் அல்லது மனைவி நன்றாகச் சம்பாதித்தால் யுனிவர்சல் கிரெடிட் கரைந்துவிடும், அலவன்ஸ் அசையாது. அலவன்ஸோடு தானாகச் சேரும் நேஷனல் இன்சூரன்ஸ் வரவு (பிற்கால அரசு ஓய்வூதியத்துக்குக் கணக்காகும் பதிவு), யுனிவர்சல் கிரெடிட்டில் கிடைப்பதைவிடச் சற்று உயர்ந்த ரகம். அலவன்ஸை மூன்று மாதம் வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம். கிறிஸ்துமஸ் போனஸ் என்று 10 பவுண்டும் உண்டு, அதை வைத்து என்ன வாங்குவது என்று கேட்காதீர்கள். பாதகம் என்று பார்த்தால், அலவன்ஸ் வரிக்கு உட்பட்ட வருமானம், கேரர் எலிமெண்ட் அப்படி இல்லை.

நடுவில் ஒரு ரகக் குடும்பம் இருக்கிறது: துணைவரின் சம்பளத்தால் யுனிவர்சல் கிரெடிட் கொஞ்சமாகத்தான் வருகிறது, மாதம் 250 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலவன்ஸ் வந்ததும் அந்த 250 முழுக்கப் போய்விடும். கைக்கு 360.97 வருவதால் 110 பவுண்டுக்கு மேல் லாபம்தான். ஆனால் யுனிவர்சல் கிரெடிட் இருப்பதால் மட்டுமே கிடைத்துவந்த சலுகைகள் ஏதாவது இருந்தால் அவையும் கூடவே போகும். கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் வரி) தள்ளுபடியை உங்கள் கவுன்சில் எப்படிக் கணக்கிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பராமரிப்பவரே நோயாளியாக இருந்தால் இன்னொரு விதி. வேலை செய்ய இயலாத நிலை என்று மதிப்பிடப்பட்டவருக்கு 2025-26இல் யுனிவர்சல் கிரெடிட்டில் 423.27 பவுண்டு கூடுதலாக வந்தது. அதையும் கேரர் எலிமெண்ட்டையும் ஒரே ஆளுக்குத் தர மாட்டார்கள், பெரியதை மட்டும் தருவார்கள். தம்பதியில் ஒருவருக்கு இது, மற்றவருக்கு அது என்று வாங்கலாம். பணத்தைத் தவிர இரண்டு நன்மைகளும் இருக்கின்றன: கேரர் எலிமெண்ட் இருந்தால் வேலை தேடு என்று நெருக்க மாட்டார்கள், மொத்த உதவிக்கு மேல்வரம்பு போடும் 'பெனிஃபிட் கேப்' உங்களைத் தொடாது.

மறுப்புக் கடிதத்தின் மதிப்பு

ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் கேரர்ஸ் அலவன்ஸுக்கு எழுதிப் போட்டால் பெரும்பாலும் இப்படிப் பதில் வரும்: உங்களுக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் அரசு ஓய்வூதியம் அதைவிட அதிகம் என்பதால் பணம் தர முடியாது. சம்பளத்துக்குப் பதிலாகத் தரும் இரண்டு தொகைகளை ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் தருவதில்லை என்பது விதி. ஓய்வூதியம் வாரம் 83.30க்குக் கீழே இருந்தால் மட்டும் குறைகிற அளவு வரும். நிறையப் பேர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "கிடைக்கவில்லை" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அப்படி மடித்து வைக்கக் கூடாத கடிதம் அது. பணம் வராவிட்டாலும் 'தகுதி உண்டு' என்று பதிவாகிவிட்டது. அந்தப் பதிவை வைத்து பென்ஷன் கிரெடிட்டில் வாரம் 46.40 பவுண்டு கூட்டித் தருவார்கள். தனியாக இருப்பவருக்கு பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாத அளவு வாரம் 227.10. பராமரிப்புச் சேர்க்கையோடு அது 273.50 ஆகிறது. ஓய்வூதியம் 190 பவுண்டு வாங்கும் ஒரு அம்மா, அக்காவைப் பராமரிக்கிறார் என்றால் அவருடைய பென்ஷன் கிரெடிட் 37.10இலிருந்து 83.50 ஆக உயரும். ஓய்வூதியம் 240 பவுண்டு வாங்குபவரைப் பாருங்கள்: 227.10ஐத் தாண்டிவிட்டதால் பென்ஷன் கிரெடிட் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பராமரிப்பாளர் என்று பதிவானால் அவருக்கும் 33.50 வரும். அதைத் தொட்டு வாடகை உதவி, கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி, 75 வயதுக்கு மேல் என்றால் இலவச டிவி லைசன்ஸ் என்று வரிசையாகத் திறக்கும்.

ஆக, பணம் வராது என்று தெரிந்தே விண்ணப்பிக்க வேண்டிய விசித்திரமான அலவன்ஸ் இது. விண்ணப்பிக்காமல் அந்தப் பதிவு கிடைக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. இந்த அலவன்ஸ் 1976இல் இன்வாலிட் கேர் அலவன்ஸ் என்ற பெயரில் வந்தது. கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய அரசின் தர்க்கம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், இதை எதிர்த்து வழக்குப் போட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. 2003இல்தான் இப்போதைய பெயர் வந்தது. பெயர் மாறினாலும், வீட்டில் ஏற்கனவே யாரோ சோறு போடுகிறார்கள், இது செலவுக்குக் கொஞ்சம் சில்லறை என்கிற பழைய எண்ணம் தொகையின் அளவில் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அம்மாவின் பணத்தைத் தொடும் பொறி

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. பராமரிப்பவர் வாங்கும் பணம், பராமரிக்கப்படுபவரின் பணத்தைக் குறைக்கும்.

அம்மாவுக்கு 75 வயது, தனி வீட்டில் இருக்கிறார். ஓய்வூதியம் வாரம் 180. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் குறைந்த அளவில் 73.90. தனியாக வாழும் கடும் இயலாமை உள்ளவர் என்பதால் பென்ஷன் கிரெடிட்டில் 82.90 கூடுதலாகச் சேரும். 227.10ஓடு 82.90 கூட்டினால் 310. அதில் ஓய்வூதியத்தைக் கழித்தால் பென்ஷன் கிரெடிட்டாக அவருக்கு 130 வருகிறது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் முதல் ரகம் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

மகள் பக்கத்துத் தெருவில் இருந்து தினமும் வந்து பார்த்துக்கொள்கிறார். யாரோ சொன்னார்கள் என்று கேரர்ஸ் அலவன்ஸ் போடுகிறார். அது கைக்கு வரத் தொடங்கியதும் அம்மாவின் 82.90 நின்றுவிடும். பராமரிக்க ஆள் இருக்கிறது, அவருக்குப் பணமும் கொடுக்கிறோம், பிறகு எதற்குத் தனிமைக்கான கூடுதல் தொகை என்பது அரசின் கணக்கு.

மகள் யுனிவர்சல் கிரெடிட் எதுவும் வாங்காதவர் என்றால், வந்தது 83.30, போனது 82.90. குடும்பத்துக்கு வாரம் 40 பென்ஸ் லாபம். மகள் வேறு சம்பாதித்து வரி கட்டுபவராக இருந்தால் அதுவும் மிஞ்சாது. மகள் யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் என்றால் இன்னும் மோசம். மேலே பார்த்தபடி அவருக்கு உண்மையில் கூடுவது மாதம் 201.68தான், வாரத்துக்கு 46.54. அம்மா இழப்பதோ 82.90. இருவரையும் சேர்த்துப் பார்த்தால் வாரம் 36.36, வருடத்துக்குச் சுமார் 1,890 பவுண்டு நஷ்டம். அலவன்ஸே போடாமல் யுனிவர்சல் கிரெடிட்டில் கேரர் எலிமெண்ட்டை மட்டும் கேட்டாலும் அம்மாவின் தொகை நிற்கும். அந்த வழியில் தப்பிக்க முடியாது.

ஆனால் மகளும் ஓய்வூதிய வயதுக்காரராக இருந்து, 'தகுதி உண்டு, பணம் இல்லை' கடிதம் மட்டும் வைத்திருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் குறையாது. பணம் கைக்கு வந்தால்தான் இந்த விதி வேலை செய்யும். அதனால் வயதான கணவன் மனைவி இருவரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பராமரித்தால், வீட்டில் வேறு பெரியவர் யாரும் இல்லை என்றால், இரண்டு பேருக்குமான கடும் இயலாமைத் தொகை 165.80, பராமரிப்புச் சேர்க்கை இரண்டு பேருக்கு 92.80 என்று எல்லாம் சேர்ந்து அவர்களுடைய பென்ஷன் கிரெடிட் அளவு 346.60இலிருந்து 605.20 வரை போகும். கேட்காதவருக்கு இதில் ஒன்றும் தானாக வராது.

மகன் மகளோடு ஒரே வீட்டில் இருக்கும் பெற்றோருக்குப் பொதுவாக இந்த 82.90 முதலிலேயே கிடைக்காது. இழக்க ஒன்றும் இல்லாததால் அந்த வீடுகளில் பயப்படாமல் விண்ணப்பிக்கலாம். நம்மவர்கள் வீடுகளில் அப்படிக் கூட்டாக இருப்பவர்கள் அதிகம் என்பதால்தான், தனியாக இருக்கும் அம்மாவுக்கு இது வேறு மாதிரி என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. விண்ணப்பப் படிவம் கையில் இருக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: அம்மாவுக்கு வரும் பென்ஷன் கிரெடிட் கடிதத்தில் கடும் இயலாமைக்கான சேர்க்கை இருக்கிறதா?

வேலைக்கும் போகிறவர்கள்

196 பவுண்டு வரம்பு ஒரு படி இல்லை, விளிம்பு. 196 சம்பாதித்தால் 83.30 முழுதாக வரும். 197 சம்பாதித்தால் முழுதாகப் போய்விடும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 151ஆக இருந்தது. தெரியாமல் ஓரிரு பவுண்டு தாண்டியவர்கள், பல வருடம் கழித்து ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொல்லி வந்த கடிதங்களால் நொந்துபோன கதைகள் செய்திகளில் நிறைய வந்தன. அரசும் லிஸ் சேய்ஸ் தலைமையில் ஒரு சுயேச்சையான ஆய்வு வைக்க வேண்டிவந்தது. சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பங்களிப்பில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். வேலை நேரத்தில் நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவரிடம் பராமரிப்பை விட்டுப் பணம் கொடுத்தால் அதிலும் ஒரு பங்கைக் கழிக்கலாம். விளிம்பில் நிற்பவர்களை இவை காப்பாற்றும்.

யுனிவர்சல் கிரெடிட்டின் கேரர் எலிமெண்ட்டுக்கு இந்தச் சம்பள வரம்பு கிடையாது. சம்பளம் 196ஐத் தாண்டி அலவன்ஸ் நின்றுபோனால், யுனிவர்சல் கிரெடிட்டில் அலவன்ஸுக்காகக் கழித்துவந்த 360.97உம் நின்றுபோகும், எலிமெண்ட் தொடரும். சம்பாதிக்கும் கூடுதல் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிபடுவதோடு சரி. அதாவது விளிம்பிலிருந்து உண்மையாக விழுபவர்கள், அலவன்ஸை மட்டுமே நம்பி இருப்பவர்கள். யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் நிறைய நேரம் வீணாகப் பயந்து, கிடைத்த கூடுதல் ஷிப்டை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்.

விசாவில் பொது நிதியை நாடக் கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேரர்ஸ் அலவன்ஸ், யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், பிப், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் எல்லாமே அந்தப் பட்டியலில் உள்ளவை. கணவருக்குக் குடியுரிமை, மனைவிக்கு விசா என்ற வீடுகளில் யார் பெயரில் எதைக் கேட்பது என்பதைக் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

மற்றவர்கள் கணக்குப் பார்க்க டர்ன்டுஅஸ் இணையதளத்தில் இலவச வசதி இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், கேரர்ஸ் யுகே, வயதானவர்களுக்கு ஏஜ் யுகே ஆகியவற்றிலும் கேட்கலாம். போகும்போது உங்கள் கடிதங்களோடு பராமரிக்கப்படுபவரின் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒருவருடையதை மட்டும் காட்டினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

பணம் வர ஆரம்பித்த பிறகும் கண் வைத்திருக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் இருந்தால் அவருடைய அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் நிற்கும், அது நின்றால் உங்கள் கேரர்ஸ் அலவன்ஸும் நிற்கும். சம்பளம் கூடினால், அம்மா வீடு மாறினால், பராமரிப்பு நேரம் குறைந்தால் உடனே சொல்ல வேண்டும். யுனிவர்சல் கிரெடிட் ஜர்னலில் (இணையக் கணக்கில் உள்ள குறிப்பேட்டில்) எழுதிவிட்டேன், போதும் என்று இருந்துவிடாதீர்கள். கேரர்ஸ் அலவன்ஸ் பிரிவு வேறு, பென்ஷன் கிரெடிட் பிரிவு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லி, எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள். போனில் பேச ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.